நாற்பத்தொரு தொண்டைகள்

நிலக்கடலையை மல்லாட்டை என்று சொல்கிற சீமையில், கருங்காளிப்பட்டு என்கிற ஊரில், மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, அஞ்சலாட்சியின் மகள் தென்னரசி, மூன்றரை வயதுக்காரி, களத்து ஓரம் கிடந்த ஒரு மல்லாட்டையைப் பல்லால் கடித்து உரித்துத் தின்றாள். தின்ற மாத்திரத்தில் அவள் உடம்பு தடித்தது, அவளோடு சேர்ந்து ஊரில் இன்னும் நாற்பது பேருக்கு உடம்பு தடித்தது. மல்லாட்டை மில்லில் மூட்டைகளை எடை பார்த்துக்கொண்டிருந்த தணிகாசலம் முதலாளி பேனாவைப் போட்டுவிட்டுக் கழுத்தைச் சொறிந்தார். ஊர்த்தெருவில் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முதுகில் ரவிக்கைக்குள் அடங்காத தடிப்புகள் எழுந்தன. காலனியில் ஆடு உரித்துக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வீங்கி மூடிக்கொண்டுவரும் தன் கண்ணைத் தடவிப் பார்த்தான். குழந்தைக்கு மூச்சு இழுத்தபோது நாற்பது பேருக்கும் மூச்சு இழுத்தது. துணை சுகாதார நிலையத்து நர்ஸ் பிலோமினா குழந்தையின் தொடையில் ஊசியைக் குத்தியபோது நாற்பது பேரும் தொடையைப் பிடித்துக்கொண்டு 'ஆ' என்றார்கள். பிறகு எல்லோருக்கும் மூச்சு வந்தது.

இது எப்படி என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. யார் யாருக்கு என்றுதான் கேட்டார்கள்.

அஞ்சலாட்சி காலனிக்காரி, மில்லின் உடைப்புக் கொட்டகையில் எட்டு வருஷமாக மல்லாட்டைத் தொலி புடைக்கிறவள். கண் இமையில்கூடப் புழுதி படிந்திருக்கும், ஒரு தும்மல் வந்ததில்லை. அவள் புருஷன் ஏழுமலை அதே மில்லில் மூட்டை தூக்குகிறவன். மல்லாட்டை லோடின் மேலேயே படுத்துத் தூங்கிக்கொண்டு திண்டிவனம் வரை போவான்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லியேக்கா," என்றாள் அஞ்சலாட்சி, குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு. "இவளுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

பிலோமினா குழந்தையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு இல்லன்னாலும் வரும், அஞ்சலாட்சி. இது நெலம் மாதிரி அப்பன் புள்ளைக்கு நேரா எழுதி வெக்கறது இல்ல. ரத்தத்துல எறங்கறது நோவு இல்ல, நோவு வர்ற வாகு. அந்த வாகு இருக்கறவங்கள்ல ஒருத்தருக்குத் தோலோட நின்னுடும். ஒருத்தருக்குத் தொண்டைய அடைக்கும். இன்னொருத்தருக்கு ஆயுசுக்கும் ஒண்ணும் தெரியாது, ஆனா புள்ளைக்குக் குடுத்துட்டுப் போயிருப்பாரு. தடிக்கலங்கறதுக்காக ரத்தம் வேறன்னு ஆயிடாது. இத நல்லா ஞாபகத்துல வெச்சிக்க."

அஞ்சலாட்சி ஞாபகத்தில் வைத்துக்கொண்டாள். ஊரில் வேறு யாரும் அதைக் காதில் வாங்கவில்லை, ஏனென்றால் அதற்குள் ஊர் எண்ண ஆரம்பித்திருந்தது. காலனியில் பதினைந்து பேர். ஊர்த்தெருவில் இருபத்தாறு பேர். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்காத, ஒரே சுடுகாட்டில் எரிக்காத இரண்டு தெருக்களில் ஒரே தடிப்பு ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் அமுங்கியது என்பதை இரண்டு தெருக்களும் தனித்தனியாக எண்ணிப் பார்த்துத் தனித்தனியாக வாயை மூடிக்கொண்டன. ஊர்த்தெரு ஆண்கள் மாசி வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தார்கள். நிச்சயதார்த்தம் செய்ய வந்தவர்கள் தாம்பூலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டீக்கடையில் காலனிப் பையன் ஒருவன் தணிகாசலத்தின் மகனைப் பார்த்து, "இன்னா பங்காளி, சௌக்கியமா?" என்று கேட்டதற்கு, டீக்கடை பெஞ்சியாலேயே அவன் வாயில் அடித்தார்கள். மூன்று பற்கள் கண்ணாடி டம்ளருக்குள் விழுந்தன.

இரண்டாவது முறை, அடுத்த செவ்வாய்க்கிழமை, அது தானாக நடக்கவில்லை. பங்கு பிரிப்பதில் தகராறு பண்ணிக்கொண்டிருந்த ஊர்த்தெருக்காரன் ஒருவன், தன் தம்பி தன் அப்பனுக்குப் பிறந்தவன்தானா என்று பார்த்துவிடலாம் என்று, பால்வாடி வாசலில் விளையாடிய தென்னரசியின் கையில் ஒரு கடலை உருண்டையைக் கொடுத்தான். கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டு எதிரில் போய் உட்கார்ந்துகொண்டான். பிலோமினா அன்றைக்கு மீட்டிங் போயிருந்தாள். அவள் வந்து ஊசி போட முக்கால் மணி நேரமாயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் நாற்பது பேர் அவரவர் இருந்த இடத்தில் மண்ணைப் பிறாண்டினார்கள், அவர்கள் உதடு நீலம் பாரித்தது. தணிகாசலத்தின் அத்தை, எழுபத்தெட்டு வயதுக்காரி, சோற்றுத் தட்டின் மேலேயே கவிழ்ந்து செத்துப்போனாள். அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஊர்த்தெரு முதல்முறையாக வெளிப்படையாகவே பேசியது: அந்தக் குழந்தை இருக்கிற வரைக்கும் நமக்குச் சாவு அதன் வாயில் இருக்கிறது.

அதே நேரத்தில் மில்லில் லோடுக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஏழுமலையைச் சுற்றி நின்றிருந்தார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அவன் கழற்றினான். திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"முதலாளிக்குத் தடிக்குது, முதலாளி மவனுக்குத் தடிக்குது, உன் பொண்ணுக்குத் தடிக்குது," என்றான் ஒருவன். "உனக்கு மட்டும் முதுகு எண்ணெ தடவினாப்புல இருக்குதேடா ஏழுமல."

இன்னொருவன் சிரித்தான். "கொட்டகையில தொலி மட்டும்தான் பொடைக்குதாமா உன் பொண்டாட்டி?"

ஏழுமலை சட்டையைப் போட்டுக்கொள்ளாமலே வீட்டுக்கு நடந்தான்.

அஞ்சலாட்சி ஊசி போட்ட குழந்தையை அப்போதுதான் தூளியில் போட்டிருந்தாள். அவன் உள்ளே வந்ததையும் பார்த்தாள், அவன் கை ஓங்கியதையும் பார்த்தாள், இரண்டுக்கும் நடுவில் பேச இடமில்லை. முதல் அடியில் அவள் தலை அடுப்புக்கல்லில் மோதியது. காதில் இரைச்சல் எழும்பியது. இரண்டாவது அடி எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாவதாக அவன் காலால் மிதித்தபோது தடுக்கப்போன இடது கை, மணிக்கட்டுக்கு மேலே, காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தத்தோடு ஒடிந்தது. அந்தச் சத்தத்தை இரண்டு பேருமே கேட்டார்கள். ஆனாலும் அவன் நிறுத்தவில்லை.

"யாருதுன்னு சொல்லு! சொல்லுடி!"

"உன்னுதுய்யா," என்றாள் அவள், வாயில் ரத்தத்தோடு. "நர்ஸம்மாவக் கேளு. தடிக்கலன்னாலும் ரத்தத்துல இருக்கும்னு சொன்னாங்கய்யா. சத்தியமா உன்னுது."

"நர்ஸம்மாவுக்கு எவ்வளவு குடுத்தான் அவன்?"

எட்டு வருஷத்தில் ஒரு நாளும் கை ஓங்காத மனுஷன். அடியைவிட அதுதான் அவளுக்குத் திகிலாக இருந்தது: முகம் அதே முகம், நெற்றியில் மூட்டை தூக்கித் தூக்கி விழுந்த அதே பள்ளம், அதற்குள்ளிருந்து பார்க்கிற ஆள் வேறு. குழந்தை தூளியிலிருந்து தலையை நீட்டி, அழாமல், பார்த்துக்கொண்டிருந்தது. ஏழுமலை அந்த முகத்தை ஒரு முறை பார்த்தான். பிறகு கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த, மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கியை எடுத்துக்கொண்டு போனான்.

அத்தை எரிந்த சாம்பல் சூடு ஆறுவதற்குள் தணிகாசலம் மில்லுக்குத் திரும்பியிருந்தார். ஏழுமலை தராசுக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தான். இருபது வருஷமாக ஒரு நாளைக்கு முந்நூறு மூட்டை இழுத்த கை. மூட்டையை இழுப்பதுபோலவே தோளில் கொக்கியைப் போட்டு இழுத்தது. தணிகாசலத்தின் வலது தோள்பட்டை கழுத்து வரை கிழிந்து, வெள்ளையாக எலும்பு தெரிந்தது. குவித்திருந்த மல்லாட்டைப் பருப்பின் மேல் ரத்தம் பீய்ச்சியது. உயிர் போகவில்லை. ஏழுமலை கொக்கியைப் போட்டுவிட்டுக் கரும்புக் காட்டுப் பக்கம் ஓடினான்.

மறுநாள் காலை ஒன்பது மணி பஸ்ஸில் ஏழுமலையின் தங்கை வள்ளி வந்து இறங்கினாள். அவளை நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. இரண்டு செவ்வாய்க்கிழமையும் அவளுக்கு உடம்பு தடித்து மூச்சு இழுத்திருந்தது. என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டதற்கு அவளிடம் பதில் இருக்கவில்லை. ஊரில் நடப்பதை போனில் யாரோ சொன்ன பிறகுதான் அவளுக்குப் பதில் கிடைத்தது. கழுத்தில் இன்னும் வடியாத சிவப்போடு அவள் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தபோது, ஏழுமலை கரும்புக் காட்டிலிருந்து திரும்பி வந்து, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். போலீசு வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். அஞ்சலாட்சி ஒடிந்த கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, குழந்தையோடு அடுத்த மூலையில் இருந்தாள்.

வள்ளி அண்ணி முகத்தைப் பார்த்தாள். அண்ணன் கையைப் பார்த்தாள். பிறகு முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

"எனக்கு ஏண்ணே தடிக்குது? நான் அண்ணிக்குச் சொந்தமா? முதலாளிக்கு வாழ்க்கைப்பட்டேனா? உன் கூடப் பொறந்தவண்ணே நானு. இந்தக் கொழந்தைக்கும் எனக்கும் நடுவுல உன்ன விட்டா வேற யாரு இருக்கறா?"

ஏழுமலை நிமிர்ந்து பார்த்தான்.

"முதலாளியோட அப்பாரு மன்னாதன் கெழவன், அந்தக் கொட்டகையிலதான் நம்ம அம்மாவ... பத்து வருசம். நீயும் அப்படித்தான், நானும் அப்படித்தான். அம்மா சாவறப்போ எங்கிட்ட சொல்லிட்டுத்தான் செத்துச்சு. அண்ணன்கிட்ட சொல்லாத, அவன் யாரையாச்சும் வெட்டிட்டு ஜெயிலுக்குப் போயிடுவான்னுச்சு." அவள் குரல் உடைந்தது. "நேத்து நீ தோளக் கிழிச்சது உன் அண்ணனோட தோளுண்ணே."

ஏழுமலை தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அஞ்சலாட்சி இருந்த மூலைக்குத் தவழ்ந்துபோய் அவள் காலருகில் நெற்றியை வைத்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள். அதற்கு மேல் பேச நேரம் இல்லை, ஏனென்றால் ஒட்டுக் கேட்ட வாய் ஒன்று அதற்குள் ஊர்த்தெருவுக்கு ஓடிவிட்டது. முதலாளியை ஒருவன் கிழித்தான் என்பதைத் தாங்கிக்கொண்ட ஊர்த்தெருவால், அவன் முதலாளியின் தம்பி என்பதைத் தாங்க முடியவில்லை.

அவர்கள் பட்டப்பகலில் காலனிக்குள் வந்தார்கள். பதினோரு மணி வெயிலில், அரிவாளும் கடப்பாரையும் மண்ணெண்ணெய்க் கேனுமாக, அறுபது எழுபது பேர். முன்னால் வந்தவன் பூபாலன், தணிகாசலத்தின் தங்கை புருஷன், வேறு ஊரிலிருந்து வந்து பெண் கட்டி இங்கேயே தங்கிவிட்டவன். அவன் பெண்டாட்டிக்குத் தடித்தது, அவன் இரண்டு மகன்களுக்கும் தடித்தது, அவன் உடம்பில் மட்டும் ஒரு கொசுக்கடி அளவுகூட எழவில்லை. அந்தக் கும்பலில் அதனால் அவனுக்கு ஒரு தனி மிடுக்கு வந்திருந்தது. "மல்லாட்டை உள்ள எறங்குனப்போதான் அவ நோவு நமக்கும் சேருது, மல்லாட்டைய வாயில வெக்காம முடிச்சிட்டா நமக்கு ஒண்ணும் ஆவாது," என்று அவன் கணக்குச் சொல்லிக் கூட்டி வந்திருந்தான். அவன் மகன்கள் இரண்டு பேரும், பதினாறும் பத்தொன்பதுமாக, ஆளுக்கொரு தீவட்டியோடு அவனுக்கு இரண்டு பக்கமும் வந்தார்கள்.

முதல் மூன்று கூரைகள் எரிந்தன. கட்டிப்போட்டிருந்த சினை ஆடு ஒன்று கயிற்றை அறுக்க முடியாமல் கத்திக் கத்திக் கருகியது. காலனி ஆட்கள் கல்லால் அடித்துப் பார்த்தார்கள், பிறகு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் ஓடினார்கள். ஏழுமலை வாசலில் போய் வெறுங்கையோடு நின்றான். கடப்பாரை அவன் மண்டையில் இறங்கியது. வள்ளி அவன்மேல் விழுந்து மறைத்தாள். அவளை முடியைப் பிடித்து இழுத்தெறிந்தார்கள்.

அப்போது அஞ்சலாட்சி வெளியே வந்தாள். ஒடிந்த கையின் மடக்கில் குழந்தை. நல்ல கையில் ஒரே ஒரு மல்லாட்டைப் பருப்பு, குழந்தையின் உதட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

"வாங்க," என்றாள். "ஒரு அடி எடுத்து வெய்யுங்க. என் பொண்ணு தின்னுவா. உங்கள்ல எத்தினி பேரு நிக்கறீங்கன்னு பாக்கலாம்."

கும்பல் நின்றது. ஒவ்வொருவராக, தெரியாமலே, தொண்டைக்குக் கையைக் கொண்டுபோனார்கள்.

"பெத்தவ எவளாவது குடுப்பாளா?" என்றான் பூபாலன். "சும்மா மெரட்டறா." அவனுக்கு எதுவும் ஆகாது என்பதால் அவன் மட்டும் நடந்தான். நான்கு எட்டு. அரிவாளை ஓங்கினான்.

அதன் பிறகு நடந்ததை அஞ்சலாட்சி தன் ஆயுசு முழுக்க நினைத்துப் பார்த்தும் அவளுக்குத் தெளிவு கிடைக்கவில்லை. அவள் கை முன்னால் போயிற்றா, குழந்தையின் தலை முன்னால் வந்ததா. பிறந்ததிலிருந்து அந்தக் கை நீளும்போதெல்லாம் வாயைத் திறந்த குழந்தை. அன்றைக்கும் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தது, மூடியது, மென்றது.

நாற்பது பேர் விழுந்தார்கள். தெருவில் நின்ற கும்பலில் பதினெட்டுப் பேர் தீவட்டியோடும் அரிவாளோடும் அப்படியே மடங்கி விழுந்தார்கள், எரிகிற தீவட்டியின் மேலேயே விழுந்தவன் ஒருவன். ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்த காலனிக்காரர்கள் விழுந்தார்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் தையல் போட்ட தோளோடு தணிகாசலம் எகிறியதில் தையல் பிய்ந்தது, வள்ளி புழுதியில் புரண்டாள். பூபாலனுக்கு முன்னால் தென்னரசியின் முகம் வீங்கிக் கண் மூடியது, அவனுக்குப் பின்னால் அவன் பெரிய மகன் முழங்காலில் விழுந்து, வாயைப் பிளந்து, காற்றைத் தேடினான், சின்னவன் மண்ணில் குதிகாலை உதைத்துக்கொண்டு, சத்தமே வராத வாயால், "அப்பா, அந்தக் கொழந்த... அந்தக் கொழந்தைய..." என்றான். கொல்ல வந்த வாய்கள் எல்லாம் தரையில் கிடந்தபடி அதையே இழுத்து இழுத்துச் சொல்லின. கொழந்தையக் காப்பாத்து.

பூபாலன் அரிவாளைப் போட்டான். அஞ்சலாட்சியின் ஒடிந்த கையிலிருந்து குழந்தை நழுவிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அந்தத் தெரு மனுஷர் கை பட்ட டம்ளரைக்கூட வாழ்நாளில் தொட்டிராதவன், அந்தத் தெருக் குழந்தையின் எச்சில் தன் கழுத்தில் வழிய, வேட்டி அவிழ்ந்து விழ, எரியும் கூரைகளுக்கு நடுவே துணை சுகாதார நிலையத்தைப் பார்த்து ஓடினான். "மூச்ச விடும்மா, மூச்ச விடு, தங்கம், விட்டுடாத" என்று கத்திக்கொண்டே ஓடினான். அஞ்சலாட்சி தொங்குகிற கையோடு அவன் பின்னால் ஓடினாள். பிலோமினா கூக்குரல் கேட்டு ஊசியோடு வாசலிலேயே நின்றிருந்தாள். பூபாலன் மடியில் வைத்தே குத்தினாள். ஒரு ஊசி போதவில்லை. இரண்டாவதும் குத்தினாள். பிறகு, கிணற்றில் அமுக்கிய குடம் மேலே வருகிற மாதிரி, குழந்தைக்கு மூச்சு வந்தது.

போலீசு வந்தது. ஏழுமலையை மண்டைக் கட்டோடு ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து சிறைக்கும் கொண்டுபோனார்கள். தீ வைத்தவர்களில் ஒன்பது பேரைக் கொண்டுபோனார்கள். பூபாலன் கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்தான். அதற்குள் கருங்காளிப்பட்டு தன் புதிய வாழ்க்கையை ஏற்பாடு செய்துகொண்டுவிட்டது. முற்றிய மல்லாட்டைச் செடிகளை ஏரோட்டி அழித்துவிட்டு எள் விதைத்தார்கள். பால்வாடி வழியை ஊர்த்தெரு ஆண்கள் முறை வைத்துப் பெருக்கினார்கள். தென்னரசி நடந்தால் இரண்டு பேர் முன்னால் நடந்தார்கள், இரண்டு பேர் பின்னால் நடந்தார்கள், தீவட்டி பிடித்த அதே ஆட்கள். அவள் தும்மினால் ஊர்த்தெருவில் வாசல் கதவுகள் திறந்தன.

தணிகாசலம் ஒரு காலையில், தோளில் கட்டோடு, முதல்முறையாகக் காலனிக்குள் நடந்து வந்தார். அஞ்சலாட்சி உட்காரச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்து நின்றார். அவள் சொல்லவில்லை.

"தங்கச்சி வள்ளி ஊருக்குப் போறதாக் கேள்விப்பட்டேன்," என்றார். "போவாத. வீடு கட்டித் தரேன். உன் பொண்ணு மேல ஒரு தூசி விழாது. இங்க ஒவ்வொருத்தனும் அவளக் கண்ணுல வெச்சிப் பாத்துக்கறான்."

"தோட்டாவப் பாத்துக்கற மாதிரி."

"எப்படின்னா என்ன? பத்திரமா இருப்பா இல்ல?" அவர் குரல் தாழ்ந்தது. "எங்க எல்லாரோட மூச்சையும் எடுத்துக்கினு போறியேம்மா."

"உங்கப்பாரு எங்க மாமியார் கிட்டேருந்து எடுத்துக்கினதுக்கு யாரும் வந்து கேக்கல," என்றாள் அஞ்சலாட்சி. "வழி விடுங்க. பஸ்ஸு வந்துரும்."

சிறையில் ஏழுமலையை அவள் ஒரு முறை பார்த்திருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் அழுதான். "பொண்ணு உன்னுதுதான்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். தான் இன்னும் அவனுக்கு யார் என்பதை அவள் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். பூபாலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒரு சின்ன டப்பாவை, கூட்டிப்போக வந்திருந்த வள்ளியிடம் கொடுத்தான். "நாலு ஊசி இருக்குது," என்றான், யார் முகத்தையும் பார்க்காமல். "தேதி போட்டிருக்கும். பாத்து மாத்திக்கச் சொல்லு." பஸ் கிளம்பியதும் கொஞ்ச தூரம் கூடவே நடந்தான், பிறகு நின்றுவிட்டான்.

மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் அஞ்சலாட்சி மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். இட்லியைப் பிட்டுக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். தென்னரசி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கையைப் பார்த்தாள், பிறகு அம்மா முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு குழந்தை தன் இரண்டு விரலால் அந்த இட்லித் துண்டை அம்மாவின் கையிலிருந்து எடுத்தாள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்தாள், தானே வாயில் போட்டுக்கொண்டாள்.